ஐநூறு பத்திரிகையும் ஒரு அரியரும்

என் அத்தான் சுப்பையா எம்.ஏ. அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவரை எம்.ஏ. ஆக்கி, சிவகாசியில் ஐநூறு பிரதி அச்சடித்து, லாரி பார்சலில் புனேவுக்கு வரவழைத்தவன் நான்தான்.

அத்தான் என்றால் என் அக்கா கனகவல்லியின் வீட்டுக்காரர். போசரியில் கியர் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் முப்பது வருஷமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவருடைய அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அத்தான் பிறந்தது, படித்தது, முதல் தடவை பஸ்ஸிலிருந்து விழுந்தது எல்லாம் புனேயில்தான். பெண் பார்க்க மட்டும் எங்கள் ஊருக்கு வந்தார். வந்தவர் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, எங்கள் வீட்டுக் கடிகாரம் ஏழு நிமிஷம் முந்தி ஓடுகிறது என்பது. அக்காவைப் பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு மறுநாள்தான் பதில் வந்தது. பதில் சரியாக இருந்ததால் கடிகாரத்தை மன்னித்துவிட்டோம்.

அவருடைய தொழிலைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் மிச்சக் கதை விளங்கும். தொழிற்சாலையில் ஆய்வுத் தாளில் தப்பாக ஏதாவது எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. அளவுகோல் வைத்து ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். அடித்ததைத் திரும்பவும் செல்லும் என்று ஆக்க வேண்டுமானால் இன்னொரு ஆளின் கையெழுத்து வேண்டும். இந்தச் சட்டத்தை அத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அக்காவின் மளிகைச் சீட்டில் அடிக்கப்பட்ட கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் 'அ.சு.' என்று கையெழுத்து இருக்கும். அதைத் திரும்பச் சேர்க்க, பிழைப்புக்குப் புனே வந்துவிட்ட நான் எத்தனையோ முறை இரண்டாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்த ஓர் இளைய இன்ஜினியர், அத்தான் ஆங்கிலத்தில் எழுதிய ரிப்போர்ட்டை எல்லார் முன்னாலும் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தான்.  அடுத்த வாரமே அத்தான் தபால் வழியில் பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்குப் பணம் கட்டினார். கியர் அளக்கிறவருக்கு எதற்கு இலக்கியம் என்று கேட்டேன். "அவன் எந்தப் புஸ்தகத்தைப் படிச்சுட்டு வந்து என்னைத் திருத்துதான்னு பாக்கணும் மாப்ள," என்றார். அந்தக் கோபத்திலேயே பி.ஏ. முடிந்தது. கோபம் கொஞ்சம் மிச்சமிருந்ததால் எம்.ஏ.வுக்கும் கட்டினார். கட்டிய அன்றே எங்கள் ஆட்கள் அவரை 'எம்.ஏ. அண்ணாச்சி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாப் பேப்பரும் தேறிவிட்டது, ஒன்றைத் தவிர. அமெரிக்க இலக்கியம். அதில் வருஷா வருஷம் சொல்லிவைத்தாற்போல் வரும் பெரிய கேள்வி: அமெரிக்க இலக்கியத்தில் ரொமாண்டிசிசத்தின் தன்மைகளை விளக்குக. பாஸ் மார்க் ஐம்பது. முதல் தடவை முப்பத்தெட்டு. இரண்டாம் தடவை நாற்பத்தொன்று. இந்த ஜூன்தான் கடைசி வாய்ப்பு. இதிலும் விழுந்தால் எம்.ஏ.வுக்கான ஆறு வருஷப் படிப்பும் காலாவதி.

"மாமா, அப்பாக்கு ஆன்சர் தெரியாம இல்ல," என்றாள் என் அக்கா மகள் பார்கவி. புனேத் தமிழில் தட்டுத் தடுமாறிப் பேசினாலும் அவள் சொல்வது குறி தப்பாது. "அவர் ஆன்சர் எழுதல. கம்ப்ளெயிண்ட் எழுதறார்."

அவருடைய நீளநோட்டை எடுத்துக் காட்டினாள். கட்டம் கட்டி, வரிசை எண் போட்டு, ரொமாண்டிசிசத்தையே ஆய்வுக்கு எடுத்திருந்தார் மனிதர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா புது நாடு, ஐரோப்பாக்காரனைப் போலப் பாடப் பழைய கோட்டை கொத்தளம் அதிகம் இல்லை, ஆகவே காட்டையும் கடலையும் எடுத்துக்கொண்டார்கள் என்ற இடத்தில், 'காரணம் சரி. ஓகே.' சாமானிய மனிதனும் காவிய நாயகன் ஆகலாம்: 'ஓகே.' இயற்கையே ஆசான், தனிமையில் அது பேசும்: 'நிரூபணம் இல்லை. ஹோல்டு.' நகரம் மனிதனைக் கெடுக்கும், காடு திருத்தும்: 'ரிஜெக்ட். காட்டில் பஸ் கிடையாது.' பேய், இருட்டு, மனசின் பயங்கரங்கள்: 'ரீவொர்க்.' அறிவைவிட உணர்ச்சி மேல்: 'ரிஜெக்ட்.' ஊர் என்ன சொன்னாலும் தனி மனிதன் தன் உள்மனசின் குரலைக் கேட்டு நடக்க வேண்டும்: 'ரிஜெக்ட். ஆளாளுக்கு உள்மனசைக் கேட்டால் கியர் எப்படிப் பொருந்தும்?' இதையே ஆங்கிலத்தில் பரீட்சையிலும் எழுதிவைத்திருக்கிறார். நாற்பத்தொன்று போட்ட புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

இந்த நேரத்தில்தான் பார்கவிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை அபினவ் அவளோடு வேலை பார்ப்பவன், அவர்களாகவே பார்த்துப் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூர்க் குடும்பம், புனேயில் கோந்த்வா பக்கம் வீடு. அபினவின் அம்மா ஸ்ரீவித்யா கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. நிச்சயத்தன்று அந்த அம்மாவின் இங்கிலீஷைக் கேட்டு அக்கா முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அக்கா எட்டாவதோடு நின்றவள். உடன்பிறந்தவனுக்குப் பொறுக்குமா? "எங்க அத்தானும் இங்கிலீஷ் எம்.ஏ.தான்," என்று அடித்துவிட்டேன். அக்கா முகம் மலர்ந்தது. அத்தான் அப்போது மண்டபத்து மேடையின் படிக்கட்டு உயரத்தை ஜாணால் அளந்துகொண்டிருந்ததால் இது அவர் காதில் விழவில்லை.

தாய்மாமன் என்ற உரிமையில் பத்திரிகை அச்சடிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பெயருக்குப் பின்னால் பட்டம் போடாத பத்திரிகை நம் ஆட்களிடம் உண்டா? டிப்ளமோவைக்கூட விடமாட்டோம். 'திரு. அ. சுப்பையா, எம்.ஏ.' என்று தங்க எழுத்தில் போடச் சொன்னேன். ஜூன் முதல் வாரம் பார்சல் வந்தது. அக்கா நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைச் சாஸ்தா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். சாயங்காலம் அத்தான் வேலை முடிந்து வந்தார், கை கால் கழுவினார், பத்திரிகையை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இது யாரு போட்டது?"

"அத்தான், பரீட்சை இருபத்தினாலாம் தேதி. கல்யாணம் ஆவணியில. அதுக்குள்ள ரிசல்ட் வந்துரும். ஒரு ரெண்டு மாசம் முந்திப் போட்டிருக்கோம், அம்புட்டுதான்."

"மெஷின்ல ஏறாத பீஸுக்கு இன்னைக்கே ஓகே ஸ்டாம்ப் அடிக்கச் சொல்லுதியோ?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க."

"ஆயிரத்த அவங்க சொல்லிட்டுப் போவட்டும். இதுல என் பேரு இருக்கு."

வேறு அச்சடித்துவிடலாம் என்றேன். அக்கா பொங்கிவிட்டாள். மஞ்சள் தடவி சாமி முன்னால் வைத்த பத்திரிகையைத் தூக்கிப் போடுவதா, பெண்ணுக்கு ஆகுமா என்றாள். ஆனி முடிவதற்குள் முதல் பத்திரிகைகளைக் கொடுத்தாக வேண்டும், ஆடி பிறந்துவிட்டால் எதையும் தொடங்க முடியாது. "ஊரெல்லாம் உங்கள எம்.ஏ.ங்குது. நீங்க மட்டும் இல்லம்பீயளோ? எனக்குன்னு ஒரு பெருமை இருந்தா உங்களுக்கு வலிக்குதா?" என்று கேட்டபோது அவள் குரல் உடைந்தது. அத்தான் எழுந்தார். பத்திரிகைக் கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டவன் நான்தானே, நானே எடுப்போம் என்று முடிவு செய்தேன். பரீட்சையில் தேறிவிடுவோம் என்ற நம்பிக்கை வந்தால் மனிதர் இறங்கிவருவார். நம்பிக்கை வர, முதலில் ரொமாண்டிசிசம் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவரை ஸ்கூட்டரில் ஏற்றி வேதாள் டேக்டி குன்றுக்குக் கூட்டிப்போனேன். மழை தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. குன்று முழுக்கப் பச்சை. எங்கோ மயில் அகவியது.

"இயற்கை, அத்தான். தனிமை. அப்படியே உள்ளுக்குள்ள வாங்குங்க."

அத்தான் சுற்றிலும் பார்த்தார். "தனிமைன்னா எழுதியிருக்கான்? இங்கன இருநூறு பேரு கெடக்கான்." அதற்கேற்றாற்போல் ஒரு சிரிப்பு மன்றம் வட்டமாக நின்று கைகளை உயர்த்தி ஹோஹோ என்று சிரித்தது. ஒரு மாமா மராட்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டே நடந்தார். நடைபாதைச் சரிவில் மழைத்தண்ணீர் தப்பான பக்கம் ஓடுவதாக அத்தான் கண்டுபிடித்தார். சிமெண்ட் பெஞ்சு ஒன்று இடது பக்கம் மூன்று டிகிரி சாய்ந்திருப்பதாகவும் சொன்னார். பிறகு அந்த மூன்று டிகிரியிலேயே உட்கார்ந்துகொண்டு, ஊரைப் பார்த்தபடி பத்து நிமிஷம் பேசாமல் இருந்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இயற்கை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

எழுந்தார். "ஒரு முடிவுக்கு வந்துட்டேன் மாப்ள."

"சொல்லுங்க அத்தான்."

"பத்திரிகை அப்படியே இருக்கட்டும். கோடு போட்டுருவோம்."

இயற்கை வேலைதான் செய்திருக்கிறது. என்ன வேலை என்பதுதான் தகராறு.

அன்று மத்தியானமே அலமாரி திறந்தது. எஃகு அளவுகோல், கறுப்புப் பேனா. ஒவ்வொரு பத்திரிகையிலும் 'எம்.ஏ.' மேல் ஒரு கோடு, பக்கத்தில் 'அ.சு.', தேதி. கோட்டுக்கு அடியில் பட்டம் பளிச்சென்று தெரிந்தது, சட்டப்படி. வேலைக்குப் போகும் முன்னால் ஐம்பது, வந்த பிறகு ஐம்பது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். கல்யாணப் பத்திரிகையில், அதுவும் பெண்ணைப் பெற்றவன் பெயருக்குப் பக்கத்தில் கறுப்புக் கோடு இழுக்கிற ஆளை அவள் கேள்விப்பட்டதே இல்லை. "பார்கவி, சோறு வச்சிருக்குன்னு சொல்லு." "பார்கவி, ரசம் வேணுமான்னு கேளு." பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இவ்வளவு தூது. பார்கவி கோடு காய்ந்த பத்திரிகைகளை அடுக்கிக்கொடுத்தாள். "அத்தை என்ன நெனப்பாங்கப்பா?" என்று வருங்கால மாமியாரை நினைத்து ஒரு தடவை மட்டும் கேட்டாள். அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்திலும் பயம் இருந்தது. ஆனாலும் அடுத்த பத்திரிகையை எடுத்தார்.

வெளியே கொடுத்த முதல் பத்திரிகை சம்பந்தி வீட்டுக்கு. தட்டில் பழம், வெற்றிலை, பூ, குங்குமம். போசரியிலிருந்து கோந்த்வா வரைக்கும் ஊரைக் குறுக்கே கடந்த அந்த ஒன்றரை மணி நேரமும் அக்கா கார் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சம்பந்தி கோயம்புத்தூர் போயிருந்தார். ஸ்ரீவித்யா அம்மா தட்டை வாங்கி, பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரித்துப் படித்தார்.

"இதென்னங்க கோடு?"

அத்தான் தணிக்கைக்கு நிற்பவர் மாதிரி எழுந்து நின்றார். "நான் எம்.ஏ. இல்லீங்க. ஒரு பேப்பர் பாக்கி. அச்சடிச்சது எங்க பக்கத் தப்பு."

"அன்னிக்கு இவரு எம்.ஏ.னு சொன்னாருங்களே?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்தார். தவளை தன் வாயால் கெடும். தட்டிலிருந்த பிஸ்கட்டில் எத்தனை ஓட்டை என்று நான் எண்ண ஆரம்பித்தேன். அக்கா தலை குனிந்திருந்தாள்.

"எந்தப் பேப்பருங்க?"

"அமெரிக்க இலக்கியம். ரொமாண்டிசிசத்தோட தன்மைகள்."

"அதுல என்னங்க கஷ்டம்?"

"கஷ்டம் இல்லீங்க. சம்மதம் இல்ல."

ஸ்ரீவித்யா அம்மாவின் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். இருக்காமல் என்ன? அத்தான் எங்கே போனாலும் பையில் நோட்டு உண்டு. வாங்கிப் படித்தார். 'காட்டில் பஸ் கிடையாது' என்ற இடத்தில் தாங்க முடியாமல் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"கோடு போடுங்கன்னு உங்ககிட்ட யாராச்சும் சொன்னாங்களாங்க?"

"இல்ல."

"வீட்ல?"

"நான் நாலு நாளா இவங்ககூடப் பேசவே இல்லீங்க," என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

"ஊரு சிரிக்கும்னு தெரியுமுங்களா?"

"தெரியும்."

"போடாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. கல்யாணம் சுலபமா நடந்திருக்கும். அறிவா யோசிச்சா அதுதானுங்க சரி. அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

அத்தான் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். 

"உள்ளுக்குள்ள ஒத்துக்கலீங்க," என்றார் கடைசியில்.

ஸ்ரீவித்யா அம்மா நோட்டைத் திருப்பி அவர் பக்கம் நீட்டி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். ஊர் என்ன சொன்னாலும் உள்மனசின் குரல். ரிஜெக்ட்.

அத்தான் அந்த வரியைப் பார்த்தார், பத்திரிகையின் கோட்டைப் பார்த்தார், மறுபடி வரியைப் பார்த்தார். பேனாவை வெளியே எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். "வீட்ல போய் அளந்து பாக்கேன்," என்று சொல்லி நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"எதிர்க்கிறதுன்னா தாராளமா எதிருங்க," என்றார் அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்து. "ஆனா அவங்க என்ன சொன்னாங்கன்னு முழுசா எழுதிட்டு அப்புறமா எதிருங்க. திருத்தற நாங்களும் மனுசங்கதானுங்க."

பரீட்சை முடிந்து வெளியே வந்தவரிடம் எப்படி என்று கேட்டேன். பெரிய கேள்விக்கு ஏழரைப் பக்கம் எழுதினாராம். ஒத்துக்கொண்டீர்களா என்றேன். "பாதி," என்றார். எந்தப் பாதி என்று சொல்லவில்லை.

பத்திரிகைகள் தபாலில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரு வாரத்தில் போன் மேல் போன். எம்.ஏ. பட்டத்தை அரசாங்கம் பறித்துவிட்டதாக அம்பாசமுத்திரத்தில் பேச்சு. பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டதாகக் கல்லிடைக்குறிச்சியில் பேச்சு. "கேஸு நடக்கா?" என்று ஒரு பெரியப்பா அக்கறையாக விசாரித்தார். எல்லாப் போனையும் எடுத்தவள் அக்கா. முதல் நாலைந்து பேருக்கு அவமானத்தோடு, முணுமுணுத்துப் பதில் சொன்னாள். பத்தாவது போனில் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. ஆடி முடிவதற்குள் என் காதாலேயே கேட்டேன்: "ஆமா பெரியப்பா, எங்க வீட்டுக்காரருதான் அடிச்சாரு. தேறாத பட்டத்த எப்படிப் போட்டுக்கிடுதது? உங்க மருமவன் பி.இ.ன்னு போட்டிருந்தாரே, முடிச்சுட்டாரா?" அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. பெரியப்பா வீட்டில் இன்னும் எங்கள் மேல் வருத்தம்தான். ஆனால் அக்கா அன்று அத்தானுக்கு ரசத்தை நேரடியாகவே ஊற்றினாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். மண்டபத்தில் பார்கவி இரண்டு கையிலும் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். ரிசல்ட் வந்துவிட்டதாம். போனைத் தொட முடியாமல், "மாமா, நம்பர் போடுங்க, சீக்கிரம், ஜல்தி!" என்று கத்தினாள். நான் தட்டினேன். முதல் தடவை நம்பர் தப்பாக விழுந்தது. உள்ளதைச் சொல்வதில் என்ன வெட்கம்? இத்தனை வருஷத்தில் அந்த மனிதருக்காக நான் அவ்வளவு பயந்ததில்லை.

ஐம்பத்தேழு.

பார்கவி போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். மைக்கில் சொல்லப் போகிறேன் என்று ஓடினேன். அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, போனை வாங்கி, பதிவு எண்ணை ஹால் டிக்கெட்டோடு இரண்டு தடவை ஒப்பிட்டார். சரியாக இருந்தது. "நல்லது," என்றார். அவ்வளவுதான். வாழைமரம் நேராக நிற்கவில்லை என்று வாசலைப் பார்க்கப் போனார்.

"இருங்க," என்றாள் அக்கா.

கைப்பையைத் திறந்து ஒரு பத்திரிகையை எடுத்தாள். மூலையில் மஞ்சள் காய்ந்திருந்த, சாஸ்தா முன்னால் வைத்த அந்த முதல் பத்திரிகை. அதிலும் கோடு இருந்தது, அ.சு. இருந்தது. என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். நாற்காலியின் கையில் பத்திரிகையை வைத்து, கோட்டுக்கு மேலே இருந்த இடத்தில் 'எம்.ஏ.' என்று எழுதினாள். மளிகைச் சீட்டு மட்டுமே எழுதிப் பழகிய கை அது. எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. "இன்னைக்குத் தேதி என்னலே?" என்று என்னிடம் கேட்டு அதையும் எழுதினாள். பக்கத்தில் முழுசாகக் கையெழுத்துப் போட்டாள்: சு. கனகவல்லி.

"ரெண்டாவது ஆளு கையெழுத்து வேணும்பீயல்லா. போட்டாச்சு."

அத்தான் பத்திரிகையை வாங்கினார். கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கியரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். எழுத்து கோட்டிலிருந்து விலகியிருந்தது, அளவு கூடுதல் குறைவாக இருந்தது, தேதிக்கு நடுவில், மகள் கைக்கு வைத்துவிட்ட மருதாணியின் கறைகூட ஒன்று பட்டிருந்தது. அளவுகோல் அவருடைய பையில்தான் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. பத்திரிகையை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாழைமரத்தைப் பார்க்காமலேயே அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.